பக்கத்து வயலில் மரபணு மாற்ற மக்காச்சோளம்: நாங்களும் மாறலாமா, எங்கள் விதை என்ன ஆகும்?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். அப்பா காலத்திலிருந்து சொந்தமாக விதை எடுத்து மக்காச்சோளம் போடும் குடும்பம். நிலத்தில் ஒரு பகுதிக்கு இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் இருக்கிறது, தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் அடுத்த பருவத்தில் மரபணு மாற்ற மக்காச்சோளம் விதைக்கப் போகிறாராம். புழுவையும் தாங்கும், களைக்கொல்லியையும் தாங்கும் ரகம். "நாமும் போடலாம், மருந்துச் செலவே இருக்காது, மகசூல் இரட்டிப்பாகும்" என்கிறார் தம்பி. "அந்த விதை திரும்ப முளைக்காது, மண் மலடாகிவிடும், சாப்பிட்டால் நம்ம உடம்பிலேயே மரபணு மாறிவிடும்" என்கிறார் அப்பா. இவர் கேட்பது மூன்று கேள்விகள்: மாறலாமா? பக்கத்துக்காரரைத் தடுக்க முடியுமா? அவருடைய மகரந்தம் எங்கள் கதிரில் விழுந்தால், விதை நிறுவனம் எங்கள் மேல் வழக்குப் போடுமா?

வணக்கம். உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தில் தம்பி, அப்பா இரண்டு பேருமே மரபணு மாற்றப் பயிர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். முதலில் அதைக் கழற்றி வையுங்கள். ஹவாய்த் தீவில் வளையப்புள்ளி வைரஸ் பப்பாளித் தோட்டங்களையே அழித்துக்கொண்டிருந்தபோது, 1998-இல் வந்த வைரஸ் தாங்கும் பப்பாளிதான் அந்தத் தொழிலைக் காப்பாற்றியது. அதற்குக் கூடுதல் மருந்து எதுவும் தேவைப்படவில்லை. களைக்கொல்லி தாங்கும் பயிரோ, ஒரு குறிப்பிட்ட மருந்தைத் தெளிப்பதற்காகவே உருவானது. இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. உங்கள் பக்கத்துக்காரர் போடப்போகும் விதையில் இரண்டு குணங்கள் இருக்கின்றன, அவற்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். புழு தாங்கும் குணத்தால் உங்களுக்கு நல்லதுகூட நடக்கலாம். எனக்குக் கவலை தருவது களைக்கொல்லிதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

அப்பாவின் பயங்கள்

முளைக்காத விதை என்று அப்பா சொல்வது ஆதாரமே இல்லாத வதந்தி இல்லை. அறுவடை விதை முளைக்காமல் செய்யும் ஒரு தொழில்நுட்பத்துக்கு 1998-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது, 2000-இல் பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் அதை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள், இன்றுவரை அது எந்தச் சந்தைக்கும் வரவில்லை. விதை எடுக்க முடியவில்லை என்று விவசாயிகள் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். ஒட்டு ரகத்திலிருந்து எடுத்த விதை முளைக்கும், ஆனால் செடிகள் ஒன்றுபோல வராது, வீரியம் குறையும். மரபணு மாற்றாத ஒட்டு ரகத்துக்கும் இதே கதைதான். மறுபக்கம் பாருங்கள், 2014-இல் வங்கதேசத்தில் வெளியிட்ட பி.டி. கத்தரி (புழு தாங்கும் மரபணு மாற்றக் கத்தரி) ஒட்டு ரகம் இல்லை, அதிலிருந்து விவசாயி விதை எடுத்து மறுபடி விதைக்கலாம்.

சாப்பிட்டால் நம் மரபணு மாறும் என்பது தவறு. நாம் உண்ணும் ஒவ்வொரு இலையிலும் தானியத்திலும் மரபணு இருக்கிறது, எல்லாமே வயிற்றில் செரித்துப்போகிறது. பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் சுருக்கப் பெயர், அதன் மரபணுவைத்தான் புழு தாங்கும் பயிரில் சேர்க்கிறார்கள். அது உண்டாக்கும் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் வேலை செய்யும், குடல் சுவரில் அது ஒட்டிக்கொள்ளக் குறிப்பிட்ட ஏற்பிகளும் இருக்க வேண்டும். நம் வயிறு அமிலம், அந்த ஏற்பிகளும் நமக்கு இல்லை. இயற்கை விவசாயிகள் பல பத்தாண்டுகளாக இதே பாக்டீரியாவைத்தான் தெளிப்பு மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தன. சந்தையில் இருந்த மரபணு மாற்ற உணவுகள் மற்ற உணவுகளைவிட மனித உடலுக்கு அதிகம் ஆபத்தானவை என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

அதற்காக, இனி வரப்போகிற எல்லாமே பாதுகாப்பு என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு புதுப் புரதத்தையும் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும். 2000-இல் ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளம், ஒவ்வாமைச் சந்தேகம் தீராததால் கால்நடைத் தீவனத்துக்கு மட்டுமே அனுமதி பெற்றிருந்தும், அமெரிக்காவில் மனிதர்கள் சாப்பிடும் பொட்டலத்துக்குள் வந்துவிட்டது, பொருட்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தானியத்தைப் பிரித்து வைப்பது காகிதத்தில் எளிது, கிடங்கில் கஷ்டம் என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது.

மண் மலடாகும் என்பதும் இந்த வடிவத்தில் சரியில்லை. மண்ணைக் கெடுப்பது ஒரே பயிரை ஓயாமல் போடுவதும், ஒரே மருந்தை ஓயாமல் அடிப்பதும்தான். களைக்கொல்லி தாங்கும் ரகம் வந்த பிறகு அமெரிக்கக் கண்டத்தில் நிறையப் பேர் உழாமல் விதைக்கப் பழகினார்கள், அதனால் மண் அரிப்பு குறைந்த இடங்களும் உண்டு.

தேனீக்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புழுக்களைக் கொல்லும் பி.டி. புரதம் தேனீயைப் பாதிப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. நீங்கள் பக்கத்துக்காரரிடம் விசாரிக்க வேண்டியது வேறு விஷயம்: விதைக்கு மேல் நியோனிகோட்டினாய்டு பூச்சிக்கொல்லி பூசியிருக்கிறதா? 2008-இல் தென்மேற்கு ஜெர்மனியில் அப்படிப் பூசிய மக்காச்சோள விதையை இயந்திரம் வைத்து விதைத்தபோது பறந்த தூசியால் 11,000-க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. அந்த விதை மரபணு மாற்றியதே இல்லை. அதனால் எந்த ரகமாக இருந்தாலும் விதைக்கும் தேதியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பெட்டிகளைத் தள்ளி வையுங்கள்.

தம்பியின் நம்பிக்கை

தம்பி சொல்வதில் பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆளை இழுக்கிறது. பி.டி. குணம் மகசூலைக் கூட்டுவதில்லை, புழு தின்னப்போவதைத் தின்னவிடாமல் தடுக்கிறது. தண்டுத்துளைப்பானோ கதிர்ப்புழுவோ பயிரில் கால்வாசியைக் கொண்டுபோகிற இடத்தில் அந்தக் கால்வாசி மிச்சமாகும், புழு அதிகம் வராத வயலில் விதைக்குக் கொடுத்த கூடுதல் பணம்தான் கண்ணுக்குத் தெரியும். மேலே சொன்ன அறிவியல் கழகங்களின் 2016 அறிக்கையும், அமெரிக்காவில் மகசூல் கூடிவந்த வேகம் இந்த விதைகளால் மாறியதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. எனவே தம்பியிடம் ஒரே ஒரு கணக்குக் கேளுங்கள்: போன மூன்று பருவங்களில் நம் வயலில் புழுவால் போனது எவ்வளவு? அதற்குப் பதில் இல்லாமல் விதை வாங்க வேண்டாம்.

புழுவுக்கு அடிக்கிற மருந்து குறையும் என்பது சரிதான். ஆனால் பி.டி. எல்லாப் பூச்சிக்கும் மருந்து இல்லை. சீனாவில் பி.டி. பருத்தி பரவி, காய்ப்புழு மருந்தைக் குறைத்ததும், அதுவரை அந்த மருந்தில் செத்துக்கொண்டிருந்த மிரிட் நாவாய்ப்பூச்சி பெருகியது. 2010-இல் வந்த ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது, பக்கத்துப் பழத்தோட்டங்களுக்கும் அது பரவியிருந்தது.

இனி, நான் மிக முக்கியம் என்று நினைப்பது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு என்ற ஒரே பூச்சி, பி.டி. பருத்தி என்ற ஒரே ஆயுதம், மூன்று நாடுகளில் மூன்று முடிவு.

இந்தியாவில் 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது, சில ஆண்டுகளிலேயே பருத்தி நிலம் கிட்டத்தட்ட முழுவதும் அதுவாகிவிட்டது. வயலோரத்தில் சாதாரணப் பருத்தி போடுங்கள் என்று பையோடு தனியாக விதை கொடுத்தார்கள், பெரும்பாலானோர் போடவில்லை. நல்ல நிலத்தில் புழு தின்னும் பயிரை எதற்குப் போட வேண்டும் என்று விவசாயி கேட்டது நியாயமாகவே பட்டது. 2009 பருவத்திலேயே குஜராத்தில் ஒரே ஒரு பி.டி. மரபணு உள்ள பருத்தியை அந்தப் புழு தாங்க ஆரம்பித்தது. அதற்குப் பதிலாக வந்த இரட்டை மரபணுப் பருத்தியும் 2015 வாக்கில் தோற்றது. அமெரிக்காவின் அரிசோனாவில் 1996 முதல் சாதாரணப் பருத்தியை ஓரத்தில் ஒழுங்காகப் போட்டார்கள், 2006 முதல் மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து தூவினார்கள், 2018-இல் அமெரிக்கப் பருத்தி வயல்களிலிருந்து அந்தப் பூச்சியே ஒழிந்தது என்று அரசு அறிவித்தது. சீனாவில் யாங்சி பள்ளத்தாக்கு விவசாயிகள் செலவைக் குறைக்க, பி.டி.யும் சாதாரணமும் கலந்த ஒட்டின் இரண்டாம் தலைமுறை விதையை விதைத்தார்கள். அதில் சுமார் கால்வாசிச் செடிகளில் பி.டி. இல்லை, அதனாலேயே புழு எதிர்ப்பு பெறவில்லை.

ஏன் இப்படி? எதிர்ப்புள்ள அந்துப்பூச்சி ஆரம்பத்தில் மிகமிக அரிது. பக்கத்தில் சாதாரணப் பயிர் இருந்தால் அங்கிருந்து ஏராளமான சாதாரணப் பூச்சிகள் வரும், அரிதான அந்த ஒன்று அவற்றில் ஒன்றோடுதான் இணையும், பிறக்கும் புழுக்கள் பெரும்பாலும் பி.டி. செடியில் செத்துவிடும். சாதாரணப் பயிரே இல்லையென்றால், உயிர் பிழைத்த இரண்டு எதிர்ப்புப் பூச்சிகள் ஒன்றையொன்று கண்டுபிடித்துவிடும், அவற்றின் குஞ்சுகளை எதுவும் செய்ய முடியாது. அந்த ஓரப் பயிரைத்தான் அடைக்கலப் பயிர் என்கிறோம். எனவே முதல் வருட விளைச்சலைக் காட்டி யாராவது விதை விற்க வந்தால், ஐந்தாவது வருடம் இந்தப் பகுதியில் அடைக்கலப் பயிர் யார் போட்டிருப்பார்கள் என்று கேளுங்கள். பயிரின் எதிர்காலம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

களைக்கொல்லி தாங்கும் குணத்தில் இந்தப் பாதுகாப்புக்கூடக் கிடையாது. ஒரே மருந்தை வருடாவருடம் அடித்தால் தாங்கும் களை வந்தே தீரும். கீரை இனத்தைச் சேர்ந்த பால்மர் அமராந்த் என்ற களை 2005 வாக்கில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கி நின்றது. ஒரே செடி லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும், சில ஆண்டுகளில் பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. அதைச் சமாளிக்க டைகாம்பா என்ற பழைய மருந்தைத் தாங்கும் ரகங்கள் கொண்டுவந்தார்கள். 2017-இல் அந்த மருந்து காற்றில் பரவி, தாங்கும் குணமில்லாத சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயாவைச் சுருட்டியது. அந்த வயல்களின் சொந்தக்காரர்கள் டைகாம்பா ரகம் போடாதவர்கள், நாளை நீங்கள் இருக்கப்போகும் இடத்தில் இருந்தவர்கள். கிளைபோசேட் புற்றுநோய் தருமா என்ற கேள்வியில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-இல் 'அநேகமாகத் தரக்கூடும்' என்ற வகையில் வைத்தது, அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் பயன்படுத்தும் அளவில் அப்படி இல்லை என்றன. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், கைத்தெளிப்பான் தோளில் மாட்டி, கையுறையும் முகமூடியும் இல்லாமல் அடிப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். தம்பிதான் அடிப்பார் என்றால் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மகரந்தம் வந்தால்

வரும். மக்காச்சோளம் காற்றில் மகரந்தச் சேர்க்கை நடக்கும் பயிர். நல்ல வேளையாக அதன் மகரந்தம் கனமானது, பெரும்பகுதி சில பத்து மீட்டருக்குள் விழுந்துவிடும், சில மணி நேரத்தில் உயிரும் போய்விடும். ஆனாலும் கொஞ்சம் தூரம் போகும், அதனால்தான் விதை உற்பத்தியில் பொதுவாக 200 மீட்டராவது இடைவெளி விடுகிறார்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் காலத்தில் இடைவெளி விடுங்கள்: உங்கள் பயிர் பட்டு (கதிர் நுனியில் வரும் பெண்பூ இழை) விடும் நேரமும் அவர் பயிர் ஆண்பூ விடும் நேரமும் மூன்று நான்கு வாரம் விலகியிருந்தால் கலப்பு மிகவும் குறைந்துவிடும்.

விதைக்கான கதிரை ஒருபோதும் வரப்போரத்திலிருந்து எடுக்காதீர்கள். வயலின் நடுவில், அவர் பக்கமிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தள்ளி எடுங்கள், ஓர வரிசைகளைத் தனியாக அறுத்துத் தனியாக வையுங்கள். இப்போதிருக்கும் விதையில் ஒரு பங்கை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத கலத்தில், விதைக்காமல் எடுத்து வையுங்கள். இதை இந்த வாரமே செய்யச் சொல்கிறேன், ஏனென்றால் கலக்காத விதை கையில் இருக்கும்வரை எந்தத் தவறிலிருந்தும் திரும்பி வரலாம். கலந்ததா என்று பார்க்க, மாவாக்கிக் கரைத்த நீரில் முக்கும் சோதனைப் பட்டை கிடைக்கிறது, சில நிமிடத்தில் பி.டி. புரதத்தைக் காட்டிவிடும்.

சான்றிதழைப் பொறுத்தவரை, நீங்களே மரபணு மாற்ற விதை போட்டால் இயற்கை வேளாண்மைச் சான்று போய்விடும், அதில் எங்கும் விலக்கு கிடையாது. பறந்து வந்த கலப்புக்கு என்ன விதி என்பது சான்று தரும் அமைப்பைப் பொறுத்தது. விதைப்புக்கு முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வழக்குப் பயம்

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை, இந்த விஷயத்தில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். முதலில், அந்த ரகத்துக்கு உங்கள் நாட்டில் சாகுபடி அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேளாண் துறையிடம் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. அனுமதி இருந்தால், வெறும் ஆட்சேபனையை வைத்து அவரைத் தடுப்பது அநேகமாக நடக்காது.

மகரந்தம் விழுந்ததற்காக நிறுவனம் வழக்குப் போடும் என்ற பயம் கனடா விவசாயி பெர்சி ஷ்மைசர் மீதான வழக்கிலிருந்து வந்தது. அதன் முழு விவரம் வேறு. அவர் களைக்கொல்லி அடித்துத் தப்பிய கடுகு இனச் செடிகளின் விதையைச் சேர்த்து வைத்து விதைத்தார், 1998 பயிரில் 95 முதல் 98 சதவீதம் காப்புரிமை ரகமாக இருந்தது. தெரிந்தே விதைத்தார் என்பதால்தான் 2004-இல் கனடா உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, ஆனாலும் நிறுவனத்துக்குப் பணம் எதுவும் தர வேண்டாம் என்றது. உங்கள் பாடம் இது: கலந்தது தெரிந்தபின், களைக்கொல்லி அடித்துத் தப்பியதைப் பொறுக்கி விதையாக்காதீர்கள். விதை எடுக்கும் உரிமையும் இப்படித்தான் மாறும். இந்தியாவின் 2001 சட்டம், பெயரிட்டு விற்காதவரை, விளைந்த விதையை வைத்துக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 2013-இல் போமன் வழக்கில் காப்புரிமை சோயாவை மறுபடி விளைவிப்பதே மீறல் என்றது.

நஷ்டஈடு கேட்பது பற்றி உங்களுக்குப் பெரிய நம்பிக்கை தர விரும்பவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் பக்கத்து நிலத்திலிருந்து பறந்து வந்த மரபணு மாற்றக் கனோலாவால் (அதுவும் கடுகு இன எண்ணெய்ப் பயிர்தான்), ஓர் இயற்கை விவசாயிக்குப் பண்ணையில் சுமார் 70 சதவீதத்துக்குச் சான்று போயிற்று. 2014-இல் அவர் வழக்கு தள்ளுபடியானது, 2015 மேல்முறையீட்டிலும் தோற்றார். பக்கத்துக்காரர் சட்டப்படி விதைத்தார், வழக்கமான முறையில் அறுத்தார் என்பதே போதுமானதாக இருந்தது. களைக்கொல்லி பரவிப் பயிர் கருகினால் கதை வேறு, அங்கே கவனக்குறைவைக் காட்ட வழி அதிகம். தேதியோடு புகைப்படம் எடுங்கள், அன்றைய காற்றின் திசையை எழுதி வையுங்கள், பாதித்த இலைகளைச் சோதனைக்கு உடனே அனுப்புங்கள்.

பக்கத்துக்காரரிடம் என்ன பேசுவது

என் கருத்து: இந்தப் பருவம் மாற வேண்டாம். சான்று பெற்ற நிலத்தில் எப்போதும் வேண்டாம். மீதி நிலத்தைப் பற்றி, புழு நஷ்டத்தை ஒரு பருவம் ஒழுங்காகக் கணக்கெடுத்த பிறகு தம்பியோடு உட்கார்ந்து பேசுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் 14 ஆண்டு மக்காச்சோளத்தைக் கணக்கிட்ட 2010 ஆய்வில், தண்டுத்துளைப்பான் குறைந்ததால் வந்த லாபத்தில் பாதிக்கும் மேல் பி.டி. போடாதவர்களுக்கே போயிருந்தது. பகுதி முழுவதும் புழு குறைந்ததுதான் காரணம். அவர் போடுவதால் உங்கள் புழுவும் குறையலாம்.

அதே சமயம் அவருக்கும் நீங்கள் வேண்டும். உங்கள் பி.டி. இல்லாத வயலில் வளரும் சாதாரணப் பூச்சிகள்தான் அவர் விதை தோற்காமல் காக்கும். நீங்கள் கெஞ்சப் போகவில்லை, அவருக்குத் தேவையான ஒன்றை வைத்துக்கொண்டு போகிறீர்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவர் எப்படியும் போட வேண்டிய அடைக்கலப் பயிரை உங்கள் வரப்புப் பக்கமாகப் போடட்டும், அதுவும் பி.டி.யும் களைக்கொல்லி தாங்கும் குணமும் இல்லாத சாதாரண ரகமாக. அவருக்கு அடைக்கலப் பயிர் ஆயிற்று, உங்களுக்கு மகரந்தத் தடுப்பு ஆயிற்று. அந்த அடைக்கலப் பயிர்ப் பட்டையில் களைக்கொல்லி அடித்தால் அவர் பயிரே கருகும் என்பதால், வரப்போரத்தில் மருந்தைக் கவனமாகத்தான் அடிப்பார். பட்டை எவ்வளவு அகலம், யார் எப்போது விதைப்பது, மருந்து அடிக்கும் முன் எத்தனை நாள் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

அடைக்கலப் பயிர் எவ்வளவு என்பது விதையில் எத்தனை பி.டி. மரபணு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் மக்காச்சோளப் பகுதியில் ஒற்றை மரபணு ரகத்துக்கு நிலத்தில் 20 சதவீதம் கேட்டார்கள், பல மரபணு ரகங்களுக்கு 5 சதவீதம் போதும் என்றார்கள். அவருடைய விதைப் பையின் லேபிளில் உள்ள ரகப் பெயர், பூச்சு மருந்தின் பெயர், உங்கள் இரண்டு வயல்களின் நீள அகலம், பூக்கும் பருவத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்பது, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். பட்டையை எங்கே, எத்தனை வரிசை போடலாம் என்று வரைந்து அனுப்புகிறேன்.